கண்துடைப்பு நேர்காணல்கள் போதும்: என்.எஃப்.எல். அணி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அணி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். இந்த ஊருக்கு வந்து 20 ஆண்டு ஆகப்போகிறது. வந்த புதிதில் உங்கள் என்.எஃப்.எல். லீகின் ஆட்டம், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால், எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் 2007 சீசன் முழுக்க, ஞாயிறுதோறும் என்னைத் தன் சோபாவில் உட்கார வைத்து, நான்கு டவுன், பத்து கஜம் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கறுப்பினத்தவர். கறுப்பினத்தவரான மைக் டாம்லின் எங்கள் ஊர் ஸ்டீலர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக வந்த முதல் சீசன் அது. டாம்லின் முகம் திரையில் வந்தால் பெரியவர் பேச்சை நிறுத்திவிடுவார். "34 வயதில் இந்த வேலைக்கு வந்திருக்கிறார். என் காலத்தில் எத்தனை பேர் அந்த வாசல்வரைகூடப் போகவில்லை தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

இதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் உங்கள் ஆட்டத்தைப் பார்க்கிற, உங்கள் ஜெர்சியைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களையும் சேர்த்துக்கொண்டு உங்களிடம் கேட்க நினைக்கிறேன். அதனால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சிலவற்றை அவர்களுக்காகச் சொல்லிப் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்தது ரூனி விதியைப் பற்றி. எங்கள் ஊர் அணியின் உரிமையாளராக இருந்த டான் ரூனியின் பெயரைத் தாங்கிய விதி. தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால், ஆளை முடிவு செய்வதற்கு முன் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்று 2002 டிசம்பரில் நீங்கள் ஏற்றுக்கொண்டு 2003 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவருக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இட ஒதுக்கீடும் கிடையாது. கூப்பிட்டு, உட்கார வைத்து, பேசிப் பாருங்கள் என்பதற்கு மேல் அது எதையும் கேட்கவில்லை.

இப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ஃபிரிட்ஸ் பொல்லார்டு என்ற கறுப்பின வீரர் 1921-லேயே ஆக்ரன் அணிக்கு ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்திருக்கிறார். அவருக்கு அடுத்து இந்த லீகில் ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனது 1989-ல், ரெய்டர்ஸ் அணி ஆர்ட் ஷெல்லை நியமித்தபோதுதான். நடுவில் 60 ஆண்டுகளுக்கு மேல் ஓடிப்போயின. 2002-ல் ஜானி காக்ரன், சைரஸ் மெஹ்ரி என்ற இரண்டு வழக்கறிஞர்கள், பொருளாதாரப் பேராசிரியர் ஜானிஸ் மேடனின் கணக்குகளை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய 15 சீசன்களில் கறுப்பினப் பயிற்சியாளர்கள் மற்றவர்களைவிட சீசனுக்குச் சராசரியாக 1.1 ஆட்டம் கூடுதலாக வென்றிருந்தார்கள். அன்றைய 16 ஆட்டங்கள் கொண்ட சீசனில் ஒரு கூடுதல் வெற்றி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அவர்கள் கடைசியாகச் சேர்க்கப்பட்டார்கள், முதலில் அனுப்பப்பட்டார்கள். அந்த அறிக்கை வந்த ஆண்டின் தொடக்கத்தில்தான், 10 சீசன்களில் 8 முறை அணியை பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குக் கொண்டுபோன டென்னிஸ் கிரீன் மின்னசோட்டாவிலிருந்தும், டம்பா பே அணியைத் தூக்கி நிறுத்திய டோனி டங்கி அங்கிருந்தும் வெளியே போயிருந்தார்கள்.

விதி வந்த பிறகு மாற்றம் தெரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2002-ல் இரண்டு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் இருந்த லீகில் 2006-ல் ஏழு பேர் இருந்தார்கள். 2007 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியில் டங்கியின் கோல்ட்ஸும் லவி ஸ்மித்தின் பேர்ஸும் மோதின. இரண்டு பக்கமும் கறுப்பினப் பயிற்சியாளர்கள் நின்றது அதுவே முதல் முறை. ஆனால் 2022 பிப்ரவரி முதல் தேதி நிலவரம் என்ன? 32 அணிகளில் ஒரே ஒரு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். எங்கள் டாம்லின் மட்டும். ஆடும் வீரர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர்களாக இருக்கும் லீகில், விதி வந்து 19 ஆண்டுக்குப் பிறகு.

அந்த நாளில்தான் மயாமி அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கறுப்பினத்தவர் பிரையன் ஃபுளோரஸ், இனப் பாகுபாடு காட்டுவதாக நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் உங்கள் மேல் வழக்குப் போட்டார்.

அவர் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன். மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு 2020-ல் 10 வெற்றி, 2021-ல் 9 வெற்றி. இரண்டு ஆண்டும் தோல்வியைவிட வெற்றி அதிகம். ஜனவரி 10-ம் தேதி வேலை போனது. நியூயார்க் ஜயண்ட்ஸ் அவரை ஜனவரி 27-ம் தேதி நேர்காணலுக்கு அழைத்திருந்தது. மூன்று நாள் முன்னால், 24-ம் தேதி, அவருடைய பழைய குருவும் அப்போதைய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பயிற்சியாளருமான பில் பெலிசெக்கிடமிருந்து வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்லிக் குறுஞ்செய்தி வருகிறது. ஃபுளோரஸுக்குச் சந்தேகம். எந்த பிரையனுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்கிறார். தவறு நடந்துவிட்டது, அவர்கள் பிரையன் டேபலைத்தான் நியமிக்கிறார்கள் போலிருக்கிறது என்று பதில் வருகிறது. அதற்குப் பிறகும் ஃபுளோரஸ் 27-ம் தேதி போய் உட்கார்ந்து பேசினார். 28-ம் தேதி டேபல் நியமனம் அறிவிக்கப்பட்டது. ஜயண்ட்ஸ் இதை மறுத்தது. கடைசி நேரம்வரை ஃபுளோரஸும் பரிசீலனையில் இருந்தார் என்பது அவர்கள் தரப்பு. வழக்கு முடியவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த மூன்று நாள் அவர் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஏனென்றால் நானும் ஒருமுறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாட்டில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பொறுப்பு காலியானது. கூப்பிட்டார்கள். மூன்று வாரம் தயார் செய்தேன். அந்தப் பிரிவின் இரண்டு ஆண்டுக் கணக்கு வழக்கெல்லாம் படித்து, என்ன மாற்றலாம் என்று சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். அறையில் மூன்று பேர். ஒருவர் கேள்வி கேட்டார், பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இன்னொருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நோட்டைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. வேறொருவரிடம் அந்த இடம் உனக்குத்தான் என்று முன்பே சொல்லியாகிவிட்டது என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. வேலை கிடைக்காதது பெரிய விஷயமில்லை, எத்தனையோ பேருக்குக் கிடைப்பதில்லை. மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்ததை, என் மனைவி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு எனக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்ததை, ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பப் பயன்படுத்திக்கொண்டார்களே என்பதுதான் ரொம்ப நாள் வலித்தது.

எங்கள் மொழியில் இதற்குக் கண்துடைப்பு என்று பெயர். அழுகிறவரின் கண்ணைத் துடைத்துவிட்டது போல் காட்டிவிட்டு, அழுகைக்குக் காரணமானதை அப்படியே விட்டுவிடுவது.

உங்கள் லீகில் ஒரு தலைமைப் பயிற்சியாளர் நேர்காணலுக்கு வருகிறவர் என் மாதிரி சின்ன நோட்டோடு வருவதில்லை. தடிமனான கோப்பு ஒன்றைக் கொண்டுவருகிறார். உதவிப் பயிற்சியாளர்களாக யார் யாரை அழைக்கப் போகிறார், முகாமை எப்படி நடத்துவார், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் உங்கள் குவார்ட்டர்பேக்கை என்ன செய்வார், எந்த வீரரை வைத்துக்கொள்வார், யாரை விடுவார் என்று பல வருட உழைப்பு அதில் இருக்கும். அதை உங்கள் மேசையில் விரித்து வைக்கிறார். உங்கள் அணியைப் பற்றி ஒரு நிபுணர் இலவசமாகச் செய்து கொடுத்த ஆய்வு அது. அதை வாங்கிக்கொண்டு, முன்பே முடிவு செய்த ஒருவரிடம் வேலையைக் கொடுத்தால், விதி மீறியது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மனிதரிடமிருந்து அவருக்கே சொந்தமான ஒன்றை எடுத்துக்கொண்டதாகத்தானே ஆகும்?

இது ஒருவரின் கதை மட்டும் இல்லை. டென்னசி டைட்டன்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த மைக் முலார்க்கி 2020-ல் ஒரு பாட்காஸ்டில் தானாகவே சொன்னார்: 2016-ல் ரூனி விதிக்கான நேர்காணல்கள் நடப்பதற்கு முன்பே, நீங்கள்தான் தலைமைப் பயிற்சியாளர் என்று உரிமையாளர் தரப்பு தன்னிடம் சொல்லிவிட்டது, அதற்குத் துணைபோனதற்காகத் தான் வருந்துவதாக. அணி அதை மறுத்தது. அந்த நேர்காணலுக்குப் போனவர்களில் ஒருவரான ரே ஹார்ட்டன், ஃபுளோரஸின் வழக்கில் சேர்ந்துகொண்டார். நியமனம் பெற்றவரே வருத்தப்படுகிறார் என்றால் இதில் யாருக்குமே நிம்மதி இல்லை.

போகாமல் இருந்துவிடலாமே என்று கேட்கலாம். 2003-ல் டெட்ராய்ட் லயன்ஸ் விஷயத்தில் அதுதான் நடந்தது. ஸ்டீவ் மரியூச்சிதான் வரப்போகிறார் என்று ஊருக்கே தெரிந்திருந்ததால், அழைக்கப்பட்ட ஐந்து கறுப்பினப் பயிற்சியாளர்களும் வரவில்லை என்று அணி விளக்கம் சொன்னது. போனால் கட்டத்தை நிரப்பும் பெயர், போகாவிட்டால் ஆர்வம் இல்லாதவர். எப்படி நின்றாலும் குத்தும் முள்ளின் மேல் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

லயன்ஸ் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அணி நிர்வாகத்தின் தலைவர் மாட் மில்லனுக்கு 2 லட்சம் டாலர் அபராதம் போட்டீர்கள். அதற்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளர் நியமனங்கள் எத்தனையோ நடந்தன. இன்றுவரை எல்லோருக்கும் ஞாபகம் வருவது அந்த 2 லட்சம்தான். 2023-ல் வாஷிங்டன் அணி 605 கோடி டாலருக்குக் கைமாறியது. அந்த அளவு பணம் புழங்கும் இடத்தில் 2 லட்சம் எந்த மூலைக்கு?

தண்டிக்கத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். 2015-ல் பந்தில் காற்று குறைவாக இருந்த விவகாரத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு 10 லட்சம் டாலர் அபராதம் போட்டு, அடுத்த ஆண்டு டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் சுற்று வாய்ப்பையும் பறித்தீர்கள். 2022-ல், வேறு அணியோடு ஒப்பந்தத்தில் இருந்த வீரர் டாம் பிரேடியோடும் பயிற்சியாளர் ஷான் பேட்டனோடும் விதியை மீறிப் பேசியதற்காக மயாமியின் முதல் சுற்று வாய்ப்பு போனது, உரிமையாளருக்கு 15 லட்சம் டாலர் அபராதம். சரியான தண்டனைகள்தான். ஆட்டத்தின் நேர்மை என்று வந்தால் எங்கே தட்டினால் வலிக்கும் என்று உங்களுக்குத் தெரிகிறது. ஒரு பந்துக்குள் இருக்கும் காற்றுக்குக் கொடுத்த மதிப்பை, நம்பி வந்து உட்காரும் மனிதருக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன். கண்துடைப்பு என்று நிரூபணமானால் டிராஃப்ட் வாய்ப்பு போக வேண்டும். அதற்குக் கீழே எந்தத் தண்டனையும் தண்டனை இல்லை.

நடுவில் நீங்கள் விதியைப் பலப்படுத்தியதையும் சொல்லத்தான் வேண்டும். 2009-ல் ஜெனரல் மேனேஜர் பதவிகளுக்கும் விரிவாக்கினீர்கள். 2020-ல் ஒருவர் என்பதை இரண்டு பேர் ஆக்கினீர்கள், அதுவும் அணிக்கு வெளியிலிருந்து. அப்புறம் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றீர்கள். பெண்களையும் சேர்த்தீர்கள். ஒன்றை இரண்டாக்கியது நல்ல காரியம். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்கலைக்கழக ஆசிரியர் நியமனங்களை ஆராய்ந்து 2016-ல் சொன்னதும் இதுதான்: இறுதிப் பட்டியலில் ஒரே ஒரு சிறுபான்மையினத்தவர் இருந்தால் அவர் தேர்வாகும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை, இரண்டு பேர் ஆனால் நிலைமை அடியோடு மாறுகிறது. ஒருவராக இருக்கும்போது அவர் வித்தியாசமானவராக மட்டுமே தெரிகிறார். இரண்டு பேர் என்றால் ஆளைப் பார்க்கத் தொடங்குகிறோம். ஆனால் இரண்டு கண்துடைப்பு நேர்காணல்கள் சேர்ந்து ஓர் உண்மையான நேர்காணல் ஆகிவிடாது. எத்தனை பேர் என்பதையே நீங்கள் திருத்திக்கொண்டு வருகிறீர்கள். எப்போது முடிவெடுத்தீர்கள் என்பதைத் தொடவே இல்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிட்ஸ்பர்க் கூரியர் என்று கறுப்பின மக்களின் பத்திரிகை ஒன்று இங்கே இருந்தது. அதன் விளையாட்டுப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பில் நன். தெற்கே உள்ள கறுப்பினக் கல்லூரிகளில் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று அவருக்கு அத்துப்படி. ஸ்டீலர்ஸ் அணி அந்தக் கல்லூரிகளைக் கண்டுகொள்வதில்லை என்பதில் அவருக்கு வருத்தம், அணி அலுவலகத்துப் பக்கமே போவதில்லை. டான் ரூனி அவரைக் கூப்பிட்டு என்ன குறை என்று கேட்டார். நன் முகத்துக்கு நேராகச் சொன்னார். ரூனி கோபப்படவில்லை, அப்படியானால் நீங்களே வந்து வேலை செய்யுங்கள் என்றார். 1960-களின் கடைசியில் நன் அணியின் வீரர் தேடும் ஆளாகச் சேர்ந்தார். மெல் பிளவுண்ட், எல்.சி. கிரீன்வுட், ஜான் ஸ்டால்வொர்த், டானி ஷெல் என்று யாரும் எட்டிப் பார்க்காத கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை வைத்து ஸ்டீலர்ஸ் 1974 முதல் 1979 வரை ஆறு சீசன்களில் நான்கு சூப்பர் பௌல் வென்றது.

அதில் ஸ்டால்வொர்த் கதை இந்த ஊரில் அடிக்கடி சொல்லப்படும். பல அணிகளின் ஆட்கள் சேர்ந்து அலபாமாவுக்குப் போய் அவரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தரை ஈரம். நேரம் சுமாராகத்தான் வந்தது. எல்லோரும் குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பின்தங்கி, காய்ந்த தரையில் அவரை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். ஆள் வேகமானவர் என்று தெரிந்தது. ஸ்டால்வொர்த் இன்று ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் பட்டியலில் இருக்கிறார். 2021-ல் பில் நன்னின் பெயரும் அங்கே சேர்ந்தது.

ரூனி விதி பிறந்தது இந்தப் பழக்கத்திலிருந்துதான் என்று நான் நம்புகிறேன். 2007-ல் ஸ்டீலர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் தேடியபோது, ரான் ரிவேராவைச் சந்தித்ததிலேயே விதி நிறைவேறிவிட்டது. அணிக்குள்ளேயே இரண்டு பெரிய பெயர்கள் தயாராக இருந்தன. அப்படியும் நிறுத்திக்கொள்ளாமல், வேறோர் அணியில் ஒரே ஒரு ஆண்டு டிஃபென்ஸ் கோஆர்டினேட்டராக, அதாவது தடுப்பாட்டப் பொறுப்பாளராக, இருந்த இளைஞர் ஒருவரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். அந்த இளைஞர் டாம்லின். இரண்டாவது சீசனிலேயே சூப்பர் பௌல் வென்றார். எந்த சீசனையும் தோல்விக் கணக்கோடு முடித்ததில்லை.

ஈரத் தரையில் ஓடவிட்டு நேரம் குறிப்பது என்றால் என்ன என்று உங்கள் பதிவேட்டிலிருந்தே காட்ட முடியும். ஸ்டீவ் வில்க்ஸ், அரிசோனா, 2018: ஒரே சீசனில் நீக்கம். அவருடைய இடத்துக்கு வந்தவர், கல்லூரி அணியில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகப் பெற்று நீக்கப்பட்டவர். ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி டேவிட் கல்லியை 2021-ல் ஒரு சீசன், லவி ஸ்மித்தை 2022-ல் ஒரு சீசன் வைத்துப் பார்த்து அனுப்பியது. இருவர் கையிலும் கொடுக்கப்பட்டது உடைந்து கிடந்த அணி. ஜிம் கால்டுவெல் டெட்ராய்ட்டில் நான்கு சீசனில் 36 வெற்றி, 28 தோல்வி. போதாது என்று அனுப்பிவிட்டு, வந்தவர் 13 வெற்றி, 29 தோல்வியோடு போனார். 2022-ல் வில்க்ஸ் மறுபடி வந்தார், கரோலினா அணிக்கு இடைக்காலப் பயிற்சியாளராக. குலைந்து கிடந்த அணியை வைத்து 6 வெற்றி, 6 தோல்வி. நிரந்தர வேலை அந்த ஆண்டு இன்னோர் அணியில் பாதி சீசனில் நீக்கப்பட்டவருக்குப் போனது. அவர் 11 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று வென்று போய்விட்டார்.

ஒவ்வொரு முடிவுக்கும் உங்களிடம் ஒரு காரணம் இருக்கும், அதில் சில நியாயமானவையாகவும் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதையும் நிரூபிக்க முடியாது. வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் யாருக்குக் காய்ந்த தரை கிடைக்கிறது, யாருக்கு ஈரத் தரை கிடைக்கிறது என்று தெரிகிறது.

இன்னொரு விஷயம், அடியில் இருக்கும் ஏணி. இன்று தலைமைப் பயிற்சியாளராக ஆட்களைத் தேடும்போது நீங்கள் முதலில் பார்ப்பது அஃபென்ஸ் கோஆர்டினேட்டர்களை, அதாவது தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளர்களை; அந்த இடத்துக்கு முந்தைய படி குவார்ட்டர்பேக் பயிற்சியாளர். கறுப்பினப் பயிற்சியாளர்களோ பெரும்பாலும் ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்), டிஃபென்ஸ் என்று அந்த ஏணியைத் தொடாத அறைகளில் இருக்கிறார்கள். குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் இடத்துக்கும் நேர்காணல் விதியை நீட்டினீர்கள், ஒவ்வோர் அணியும் அஃபென்ஸ் பக்கம் சிறுபான்மை இனத்தவர் அல்லது பெண் ஒருவரை உதவிப் பயிற்சியாளராகச் சேர்க்க வேண்டும் என்று 2022-ல் முடிவெடுத்தீர்கள். இவை பலன் தரப் பத்து வருடம் ஆகும். தயவுசெய்து நடுவில் கைவிட்டுவிடாதீர்கள்.

கைவிடச் சொல்லும் குரல்கள் இப்போது பலமாக இருக்கின்றன என்று தெரியும். 2025 பிப்ரவரியில் ஆணையர் ராஜர் குடெல் இந்த முயற்சிகளைத் தொடர்வோம், இவை லீகை மேம்படுத்துகின்றன என்று சொன்னார். அதை மனமார வரவேற்கிறேன். தகுதி மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, நானும் தகுதியைத்தான் கேட்கிறேன். ஆனால் இந்த லீகின் தலைமைப் பயிற்சியாளர்களில் கைல் ஷனஹான் ஒரு தலைமைப் பயிற்சியாளரின் மகன். ஷான் மெக்வேயின் தாத்தா 49ர்ஸ் நிர்வாகத்தில் இருந்தவர். இருவரும் அபாரத் திறமைசாலிகள், அதில் சந்தேகமே இல்லை. அந்தத் திறமையைச் சின்ன வயதிலேயே பக்கத்தில் நின்று பார்க்க ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் நான் சொல்வது. தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுப்பது மனித இயல்பு. நானும் ஆள் எடுக்கும் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மனதுக்குள் ஒருவரை முடிவு செய்துவிட்டு மற்ற இரண்டு பேரிடம் சிரித்துப் பேசி அனுப்பியிருக்கிறேன். நான் பட்டதை நானே இன்னொருவருக்குச் செய்தேன் என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. அதனால்தான் நல்ல மனதை மட்டும் நம்ப வேண்டாம், நடைமுறையை மாற்றுங்கள் என்று கேட்கிறேன்.

என்ன நடைமுறை? முதல் நேர்காணலுக்கு முன்பே, எந்த மாதிரி ஆள் வேண்டும், எதை வைத்து அளக்கப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி லீகிடம் கொடுங்கள். அனைவரையும் அந்த ஒரே அளவுகோலால் அளந்து, அப்போதே குறித்து வையுங்கள். கடைசி ஆள் பேசி முடித்து எழுந்து போகும்வரை யாரிடமும், எந்த முகவரிடமும், வேலை உனக்குத்தான் என்று சொல்லாதீர்கள். முடிவெடுத்த பிறகு, தேர்வாகாத ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எங்கே குறைந்தது என்று சொல்லுங்கள். உங்களிடம் வேலை பார்க்காத, உங்கள் சம்பளம் வாங்காத ஒருவர் இந்தத் தாள்களைப் படிக்கட்டும். புகார் வந்தால் ஆணையரே நடுவராக உட்காருவது சரியில்லை. அவரை நியமித்தவர்கள் நீங்கள்தானே? 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த ஏற்பாட்டை ஏற்காமல், லீக் மேலும் மூன்று அணிகள் மேலும் ஃபுளோரஸ் வைத்த குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்திலேயே விசாரிக்க வழிவிட்டது. அடுத்தவர் நீதிமன்றம்வரை போக வேண்டிய நிலையை வைக்காதீர்கள்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு தாளும், இரண்டு வாரப் பொறுமையும் போதும். ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்சியாளர்களை நேரில் சந்திக்க பிளேஆஃப்பின் இரண்டாம் சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று நீங்களே சமீபத்தில் விதி செய்திருக்கிறீர்கள். அவசரத்தைக் குறைத்ததால் எந்த அணியும் கெட்டுப்போகவில்லை.

எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பெரியவர் இப்போது இல்லை. ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் ஆட்டத்தின்போது சுழற்றும் அவருடைய மஞ்சள் துண்டை அவர் மகள் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். பேரன் பக்கத்து உயர்நிலைப் பள்ளி அணியில் ரன்னிங் பேக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான், சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. போன மாதம் பார்த்தபோது, குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன், கோடை முகாம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்றான். பழைய ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து எழுதி வைத்திருந்த நோட்டைக் காட்டினான். மூன்றாவது நோட்டாம்.

அன்புடன்,
பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு ரசிகன்